குடையைக் கொடுக்காதவர்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

கண் எரிச்சலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் நான் நலம். நீ எப்படி இருக்கிறாய்? உன் வலது முழங்கால் மாடிப்படி ஏறச் சம்மதிக்கிறதா? அண்ணியின் மருந்துக்கடையில் இருமல் சீசன் தொடங்கியிருக்கும். அண்ணிக்கு உட்காரவாவது நேரம் கிடைக்கிறதா?

போனில் கேட்டிருக்கலாமே என்பாய். போனில் நீ பேசுவாய், நான் 'ம்' கொட்டுவேன், கேட்க வந்ததைக் கேட்காமலே வைத்துவிடுவேன். எழுதினால்தான் எனக்கு வாய் திறக்கும். அதனால்தான் மெயிலில் கடிதம்.

விஷயம் இதுதான். நானும் ஓவியரும் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருந்த வீடியோ கேம் ஒருவழியாக முடியப் போகிறது. பெயர் 'இது யாருடையது?'. ஒரு பெரிய பேருந்து நிலையத்தில் தொலைந்த பொருட்களை வைத்திருக்கும் அறை. விளையாடுகிறவர்தான் அங்கே கவுண்டரில் இருக்கும் ஊழியர். யாராவது வந்து 'என் குடையைக் காணோம்' என்பார்கள். அலமாரியில் வரிசையாகக் குடைகள் தொங்கும். வந்தவரைக் கேள்வி கேட்டு, அவர் சொல்வது நிஜமா என்று பார்த்து, சரியான பொருளை எடுத்துக் கொடுக்க வேண்டும். சுடுவது, ஓடுவது, குதிப்பது எதுவும் கிடையாது.

கேமைச் செய்வது பாதி வேலைதானாம். அது இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிய வைப்பது மீதிப் பாதி. அதை நாங்கள் தொடவே இல்லை. பெரிய கம்பெனியில் அதற்கென்று ஒரு மாடி நிறைய ஆட்கள் இருப்பார்கள். எங்களிடம் இருப்பது ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும், அதில் ஒன்று ஆடும். கேம் விற்கும் இணையக் கடையில் எங்களுக்கு ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 'விஷ்லிஸ்ட்' என்று ஒரு பொத்தான். 'வெளியானதும் சொல்லுங்கள், வாங்குகிறேன்' என்று நினைக்கிறவர்கள் அதை அழுத்துவார்கள். எத்தனை பேர் அழுத்தினார்கள் என்று பார்த்துத்தான் கடை நம்மை முன்னால் எடுத்து வைக்கும். இதுவரை அழுத்தியவர்களில் நானும் ஓவியரும் சேர்த்தி.

மே மாதம் கேம் செய்கிறவர்களுக்கென்று ஒரு கண்காட்சி நடக்கிறது. ஜூனில் வெளியீடு. அதற்குள் ஆள் சேராவிட்டால் ஓவியர் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராகப் போய்விடுவார். நான் பழைய வங்கி மென்பொருள் ஆபீசுக்கே திரும்ப வேண்டியதுதான். போய் நின்றால் சேர்த்துக்கொள்வார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தண்ணீர் இணைப்பே வராத வீட்டுக்குக் குளியல் தொட்டி விற்றவன் நீ. எனக்கு இதையும் விற்றுக் கொடு. கீழே டெமோ வைத்திருக்கிறேன். இலவச மாதிரி. மூன்று பேர் வருவார்கள், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும்.

உன் யோசனைக்குக் காத்திருக்கும்,
தங்கை


ஜனவரி 11

என் அருமைப் பொடிசுக்கு,

பதில் தாமதமானதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. ஷோரூமில் மூச்சுவிட நேரமில்லை. ஒரு ஓட்டல்காரர் மாடி முழுக்கக் குழாய் மாற்ற வேண்டும் என்று வந்து அரை நாளைத் தின்றுவிட்டார். முழங்கால் ஏறும்போது சம்மதிக்கிறது, இறங்கும்போது முரண்டு பிடிக்கிறது. அண்ணி நலம், இருமல் மருந்தாக விற்றுத் தள்ளுகிறாள்.

டெமோவை ஒரு தடவை விளையாடிப் பார்த்தேன், டீ குடிக்கிற நேரத்தில். பல்செட்டைத் தப்பான ஆளுக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மனுஷர் மாட்டிப் பார்த்து, "கச்சிதமா இருக்கு சார்" என்றார், நானும் நம்பிவிட்டேன். அவர் போனதும் நிஜச் சொந்தக்காரர் பொக்கை வாயோடு வந்து நின்றார். எனக்கு வேர்த்துவிட்டது. நீ இவ்வளவு நாள் இதைத்தான் செய்துகொண்டிருந்தாயா? நான் ஏதோ துப்பாக்கி சமாசாரம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது கேள்விகளுக்கு வருகிறேன். என் கடையில் ஜனங்கள் வாசல் தாண்டியதும் பீங்கானைத் தடவிப் பார்ப்பார்கள், குழாயைத் திருகிப் பார்ப்பார்கள். உன் கடையில் எதைத் தடவுவார்கள்? படத்தைப் பார்த்து வாங்குகிறார்களா, பெயரைப் பார்த்தா, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லியா? வீட்டில் யாருக்கும் தெரியாமல் வாங்குகிற பொருளா, எல்லோருக்கும் காட்டுகிற பொருளா? எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. குளியல் தொட்டி வாங்குகிறவர் தொட்டியை வாங்குவதில்லை, யாரும் கதவைத் தட்டாத ஒரு மணி நேரத்தை வாங்குகிறார். உன் கேமை வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? இதற்குப் பதில் தெரிந்தால் மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஓவியரை விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜனவரி 14

அன்புள்ள அண்ணா,

இங்கே குளிர் விட்டபாடில்லை, மற்றபடி நலம். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள், கௌரவம் பார்க்காதே.

உன் கேள்விகளைச் சுவரில் ஒட்டிவிட்டோம். படத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். தபால்தலை அளவுக்கு ஒரு படம், அரை நிமிட டிரெய்லர், இரண்டு வரி விளக்கம். அதற்குள் மனசு வைத்தால் உண்டு. அரை நிமிடத்தில் ஒரு ஆள் கவுண்டரில் உட்கார்ந்திருப்பதை எப்படிக் காட்டுவது? அதைத்தான் ஒரு வாரமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

எதை வாங்குகிறார்கள் என்றால், துப்பறிவதை என்றுதான் நினைக்கிறேன். 'நுட்பமான துப்பறியும் புதிர்' என்று பக்கத்தில் போட்டிருக்கிறோம். ஓவியர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் வரைவதோடு நிற்காமல் வசனமும் எழுதுகிறார், அளவில்லாமல் எழுதுகிறார். புதிருக்குத் தேவையில்லாத பேச்சு ஏகப்பட்டது. "யாரு நின்னு கேக்கப்போறா, வெட்டிடலாம்" என்றேன். "கேக்குறவங்க கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நீ என்ன நினைக்கிறாய்?

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 3, செவ்வாய்

பொடிசு,

நலமா? இன்று வார விடுமுறை என்பதால் நிதானமாக எழுதுகிறேன். மற்ற ஆறு நாளும் ஜனங்கள் நம்மை விட்டால்தானே.

கேட்டுக்கொள். நம் பெரிய மாமாவைப் பிடித்தேன். ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷர் வீட்டில் இருப்பவர்களை மேய்த்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் ஒரு வேலை வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் மொத்தப் பேரையும் வீடியோ காலில் உட்கார வைத்து, அந்த இணையக் கடையில் கணக்கு தொடங்குவது எப்படி என்று வகுப்பு எடுத்தார். சித்திகள், மச்சான்கள், சம்பந்தி வீட்டார், அண்ணியின் மருந்துக்கடை ஆட்கள், என் பழைய வாடிக்கையாளர்கள். நூற்றுக்கு மேலே போய்விட்டது. எல்லோரும் அந்தப் பொத்தானை அழுத்தியாகிவிட்டது. சின்னச் சித்தி இரண்டு தடவை அழுத்தியிருக்கிறாள், இரண்டாவது அழுத்தலில் அது எடுபட்டுவிடும் என்று தெரியாமல். அவளை மட்டும் மறுபடி அழுத்தச் சொன்னேன்.

இனி உன்னைக் கடை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் பார்.

எல்லோர் அன்புடனும்,
அண்ணன்


பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பெரிய மாமாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதே.

அவர் வகுப்பு எடுத்த அன்றே, கணக்கு தொடங்கியதுதான் தொடங்கினீர்கள், சும்மா இருப்பானேன் என்று எல்லோருக்கும் இலவசச் சீட்டாட்டம் ஒன்றையும் இறக்கிக் கொடுத்திருக்கிறார். அன்றிலிருந்து நம் சொந்தம் மொத்தமும் ராத்திரி பகலாகச் சீட்டு ஆடிக்கொண்டிருக்கிறது. அந்த இணையக் கடையை நடத்துவது மனுஷர் இல்லை, கணக்குப் போடும் கம்ப்யூட்டர். 'இந்தக் கேமை விரும்புகிறவர்கள் வேறு எதை ஆடுகிறார்கள்?' என்று பார்த்தது. சீட்டு. சரி, இது சீட்டாட்டக்காரர்களுக்கான கேம் போலிருக்கிறது என்று முடிவு கட்டி, உலகத்தில் உள்ள சீட்டாட்டக்காரர்களாகத் தேடித் தேடி எங்களைக் காட்டுகிறது. புதிர் விரும்புகிறவர்கள் கண்ணிலேயே நாங்கள் படுவதில்லை.

வருகிறவர்கள் டெமோவைத் திறந்து மூன்று நிமிடம் பார்க்கிறார்கள், ஓடிவிடுகிறார்கள். 'சீட்டு எங்கே?' என்று ஒருவர் கீழே எழுதியிருக்கிறார். 'குடைதான் இருக்கிறது' என்று இன்னொருவர் அவருக்குப் பதில் போட்டிருக்கிறார். உன் மேல் கோபம் இல்லை. இரண்டு நாள் இருந்தது, ஓவியர் சிரித்த சிரிப்பில் போய்விட்டது.

ஆனால் இந்தக் கூத்தில் ஒரு அதிசயம் கண்ணில் பட்டது. யார் எங்கே எழுந்து போகிறார்கள் என்று பார்க்க, டெமோவில் என்னென்ன அழுத்துகிறார்கள் என்ற குறிப்பு எங்களுக்கு வரும். பெயர், ஊர் எதுவும் வராது, ஒரு எண் மட்டும். எல்லோரும் ஓடும்போது 212 என்ற எண்காரர் மட்டும் தினமும் வருகிறார். காலையில் கடை திறக்கிற நேரத்துக்கு வருகிறார், மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துகிறார், திரும்ப வந்து சாயங்காலம் வரைக்கும் இருக்கிறார். இருபது நிமிட டெமோவில். முதலில் வரும் குடைக்காரரைத் தாண்டி அவர் போவதே இல்லை.

உனக்குத்தான் ஜனங்களைத் தெரியும். இவர் யாராக இருக்கும்?

அன்புடன்,
தங்கை


பிப்ரவரி 21

பொடிசுக்கு,

சீட்டு விஷயத்தில் தப்பு என் மேல்தான். மாமாவிடம் நாசூக்காகச் சொல்கிறேன். புதிர் ஆடுகிறவர்கள் எங்கே கூடுகிறார்கள் என்று கண்டுபிடி, அவர்களிடம் நேராகப் போக வேண்டும். அதை யோசிப்போம்.

அந்த 212 யாரோ வேலை இல்லாத வயசாளியாக இருக்கும். அவரைப் போய் ஆராய்ந்துகொண்டிருக்காதே, நேரம் வீண். விட்டுவிடு.

டெமோவை எடுத்துவிடுகிற உத்தேசம் எதுவும் இல்லையே?

அண்ணன்


மார்ச் 15

அன்புள்ள அண்ணா,

போன கடிதத்தில் என் உடம்பு எப்படி என்றுகூடக் கேட்கவில்லை நீ. வேலை நெருக்கடி என்று எடுத்துக்கொண்டேன். நான் நலம். ஆடுகிற நாற்காலி விழுந்தேவிட்டது, நல்லவேளை அதில் யாரும் இல்லை.

நீ சொன்னபடி புதிர் விரும்பிகள் கூடும் குழுக்களில் போய் எழுதினோம். கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான ஆட்கள் வருகிறார்கள். ஆனால் போதாது. வருகிறவர்கள் விறுவிறுவென்று மூன்று பேரையும் முடித்துவிட்டு, 'நன்று, சற்றுச் சின்னது' என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். விஷ்லிஸ்ட் பொத்தான் பக்கம் கை போக மாட்டேன் என்கிறது.

212-ஐ என்னால் விட முடியவில்லை. ஓவியரும் நானும் வேறு பேச்சே பேசுவதில்லை. ஏதோ கட்டிடத்தில் காவலுக்கு இருப்பவர் என்கிறார் ஓவியர். எங்களைக் காப்பியடிக்கப் பார்க்கும் வேறு கம்பெனி என்று நான் ஒரு வாரம் சந்தேகப்பட்டேன். செவ்வாய்க்கிழமை மட்டும் ஆள் வருவதில்லை. மீதி நாளெல்லாம் குடைக்காரரிடம் இருக்கிற எல்லாக் கேள்வியையும் கேட்கிறார். மழையைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, செருப்பு நனைந்ததைப் பற்றி. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. எந்தக் குடை என்று அவருக்கு எப்போதோ தெரிந்திருக்கும், சின்னப் பிள்ளைக்கே தெரியும். எடுத்துக் கவுண்டரில் வைக்கவும் செய்கிறார். அப்புறம் திரும்ப எடுத்து அலமாரியில் மாட்டிவிடுகிறார். ஒரு நாள்கூடக் கொடுத்ததில்லை. அவருக்கு அந்தக் குடைக்காரரிடம் என்னதான் வேண்டும் அண்ணா?

இன்னொரு விஷயம். ஏப்ரல் கடைசியில் இந்த டெமோவை எடுத்துவிட்டு, புதிர்களைக் கடினமாக்கிப் புதிதாக ஒன்று போடலாம் என்று இருக்கிறோம். குடைக்காரரைத் தூக்கிவிடுவோம், அவரால் ஆரம்பமே இழுக்கிறது.

மே மாதக் கண்காட்சியில் எங்களுக்கு ஒரு மேசை கிடைத்துவிட்டது. மூன்று நாள். வருகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து விளையாடச் சொல்ல வேண்டும். யாராவது முன்னால் வந்து நின்றாலே எனக்கு நாக்கு உள்ளே போய்விடும், ஓவியர் என்னைவிட மோசம். நீ வர வேண்டும் அண்ணா. கேட்டுப் பழக்கம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வா.

எதிர்பார்ப்புடன்,
தங்கை


ஏப்ரல் 9

என் பொடிசுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? போன தடவை கேட்காததற்கு இந்தத் தடவை இரண்டாகக் கேட்கிறேன், கண் எப்படி இருக்கிறது? இங்கே நலம். அண்ணி எதைக் கேட்டாலும் நான் 'ம்' கொட்டுகிறேனாம். "உங்க தங்கச்சி மாதிரியே ஆயிட்டீங்க" என்கிறாள்.

கண்காட்சிக்கு வர முடியாது. புது வீடு கட்டுகிறவர்கள் மொய்க்கிற சமயம், ஒரு நாள்கூட ஷோரூமை விட்டு நகர முடியாது. வருத்தப்படாதே.

ஆனால் யோசனை சொல்கிறேன், இதை விற்பனைக்காரன் சொல்வதாக எடுத்துக்கொள். டெமோவை எடுக்காதே. குடைக்காரர்மேல் கை வைக்காதே. புதிர், துப்பறிதல் என்று பக்கத்தில் போட்டிருக்கிறாயே, அதனால்தான் எல்லோரும் பரீட்சை எழுதுகிற மாதிரி முடித்துவிட்டுப் போகிறார்கள். அவசரத்துக்குத் திறக்காது என்பதற்காகத் தன் குடைக்கு 'ஆபீசர்' என்று பெயர் வைத்திருக்கிற ஒரு மனுஷர், அவரைப் போய்ப் புதிர் என்கிறீர்களே. புதிர் என்றால் விடை கிடைத்ததும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

நான் ஜனவரியில் கேட்ட கேள்விக்கு நீ தப்பாகப் பதில் சொன்னாய். அவர்கள் துப்பறிவதை வாங்கவில்லை. பக்கத்தில் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு இப்படிப் போடு: 'கவுண்டரில் உட்காருங்கள். யாராவது வருவார்கள். அவசரமில்லை, பேசிக்கொண்டிருங்கள்.' அவ்வளவு போதும்.

டிரெய்லரிலும் ஒன்றும் வெட்டி ஒட்ட வேண்டாம். காலியான கவுண்டரைக் காட்டு. ஒன்றும் நடக்க வேண்டாம். கடைசியில் கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கட்டும். பார்க்கிறவனுக்கு யார் வந்தது என்று தெரியாமல் இருப்புக் கொள்ளாது.

ஓவியரிடம் அவர் எழுதியது ஒன்றும் வீண் இல்லை என்று சொல்.

அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணா,

நீயும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன், சம்பிரதாயத்துக்கு இல்லை.

முதலில் நல்ல சேதி. நீ சொன்ன மூன்று வரியைப் போட்டோம், டிரெய்லரை மாற்றினோம். நான்காம் நாள், கேம் விளையாடுவதை நேரலையில் காட்டுகிற ஒரு பெண் நம் டெமோவை எடுத்தார். பார்க்கிற கூட்டம் ஓரளவு உள்ளவர். குடைக்காரரைப் பேசவிட்டு ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பார்த்தவர்களும் கேட்டார்கள். "இன்னும் கேளுங்க, அவரை அனுப்பிடாதீங்க" என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்கு ஒரே ராத்திரியில் வந்த விஷ்லிஸ்ட் அதற்கு முன் மொத்தமாக வந்ததைவிட அதிகம். சீட்டாட்டக்காரர்கள் காணாமல் போய்விட்டார்கள். டெமோவை எடுக்கவில்லை. ஓவியர் பள்ளிக்கூடத்துக்குப் பதில் எழுதாமல் வைத்திருக்கிறார்.

இனி எழுதப் போவதை நேரில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

குடைக்கு 'ஆபீசர்' என்று பெயர் இருப்பது, நேரலையில் விளையாடிய அந்த அம்மணியும் அவர் கூட்டமும் கண்டுபிடிக்கும் வரை வெளியில் யாருக்கும் தெரியாது. குடைக்காரரிடம் ஒரே கேள்வியை அலுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்டால் மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லுவார். யாரும் அவ்வளவு தூரம் போகமாட்டார்கள் என்றுதான் நான் அதை வெட்டாமல் விட்டேன். டெமோவை ஒரே ஒரு தடவை, டீ குடிக்கிற நேரத்தில் விளையாடிய நீ அதை ஏப்ரல் ஒன்பதாம் தேதியே எழுதியிருக்கிறாய். எங்களுக்கு வரும் குறிப்புப்படி அந்த அம்மணிக்கு முன் அவ்வளவு தூரம் போனவர் ஒரே ஒருவர்தான். உன் வார விடுமுறையான செவ்வாய்க்கிழமை மட்டும் வராத 212.

முந்தாநாள் பகலில் உன் ஷோரூமுக்குப் போன் செய்தேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டாய். "வணக்கம், சொல்லுங்க, உங்களுக்கு என்ன வேணும்?" என்றாய். பின்னால் ஒரு சத்தமும் இல்லை, ஒரு பேச்சுக்குரல் இல்லை. நான் வழக்கம்போல ஊமையாக நின்றேன். நீ போனை வைக்கவே இல்லை. "பரவால்ல, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றாய். நான்தான் வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

எதையும் நீ விளக்க வேண்டாம். எங்கள் மேசைக்கு ஆள் வேண்டும் என்று மட்டும் மறுபடி சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
தங்கை


மே 4

என் பொடிசுக்கு,

நலமா என்று கேட்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் நலமா?

உன் கடிதத்தைப் பத்துப் பன்னிரண்டு நாளாக வைத்துக்கொண்டிருந்தேன். அழைத்தது நீதான் என்று அப்போது தெரியாது. யாரோ தயங்குகிற வாடிக்கையாளர் என்று நினைத்தேன். அவ்வளவு ஆசையாக யாருக்காகவும் நான் காத்திருந்ததில்லை.

போன வருடம் எங்கள் தெருவுக்கு நேராக மேம்பாலம் வந்தது. வண்டியெல்லாம் தலைக்கு மேலே போகிறது. கம்பெனி வேறு இடத்தில் புதிதாக ஒன்று திறந்து எல்லோரையும் அங்கே கொண்டுபோய்விட்டது. எனக்கு மட்டும் அங்கே இடம் இல்லை. போ என்றும் சொல்லவில்லை. இந்தப் பழைய ஷோரூமைப் பார்த்துக்கொள் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். நானாகப் போக வேண்டும் என்று அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், போகக்கூடாது என்று நான் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் சேர்ந்தாற்போல வராவிட்டால் விலகியதாக எடுத்துக்கொள்வார்களாம். கண்காட்சிக்கு முடியாது என்றது அதனால்தான்.

காலையில் போய் ஒவ்வொரு தொட்டியாகத் துடைப்பேன், குழாயைத் துடைப்பேன், நிலைக்கண்ணாடிகளைத் துடைப்பேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் கண்ணாடியில் நான்தான் நிற்பேன். இந்த வருடத்தில் ஒரே ஒருவர் உள்ளே வந்தார். "அவசரம் சார், டாய்லெட் எங்க இருக்கு?" என்றார். ஷோரூம் முழுக்க டாய்லெட். ஒன்றுக்கும் தண்ணீர் இணைப்பு இல்லை. அவரிடம் அதைச் சொல்லிப் புரியவைக்க ஐந்து நிமிடம் ஆயிற்று. நல்ல ஐந்து நிமிடம் அது.

உன் கேமில் கதவு திறந்து ஒரு ஆள் வந்தார். எனக்கு அது போதும் என்றிருந்தது. குடையைக் கொடுத்தால் அவர் போய்விடுவார். அடுத்த இரண்டு பேரும் போனால் ஷட்டர் இறங்கிவிடும். அது இறங்குவதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அதனால் பேசிக்கொண்டிருந்தேன். "வாங்க, உட்காருங்க" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், யார் கேட்கப் போகிறார்கள்.

நேற்று அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினாள், நன்றாகவே. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தக் குடைக்காரர் அப்படி என்னதான் சொல்றார்? எனக்குக் காட்டுங்க" என்றாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். மூன்று கேள்வி கேட்டாள். எழுந்து போய் நிஜக் குடையை எடுக்கிற மாதிரி டக்கென்று எடுத்து அவரிடம் நீட்டிவிட்டாள். நான் கையைப் பிடிக்கப் போனேன். "அவரோடதுதானே, பாவம், கொடுக்காம வெச்சிருந்தா எப்படி வீட்டுக்குப் போவார்?" என்றாள்.

ஜனவரியில் இதே வீட்டுக் கம்ப்யூட்டரில் ஆடிய அந்த ஒரு தடவை, டீ அவசரத்தில் குடையைக் கொடுத்ததும் அடுத்த ஆளுக்குத் தாவிவிட்டேன், அதனால் குடையை வாங்கிக்கொண்டு அவர் பேசியது நான் கேட்டதே இல்லை. "உங்ககூடப் பேசிட்டு பஸ்ஸை விட்டுட்டேன். பரவால்ல. நாளைக்கும் இந்தப் பக்கம்தான் வருவேன், எட்டிப் பாக்குறேன்" என்றார். ஓவியர் அதை எப்போது எழுதினார்? முதல் நாளிலிருந்தே அங்கே இருந்ததா? இவ்வளவு நாளும் போய்விடுவார், போய்விடுவார் என்று அவரைப் பிடித்து வைத்திருந்தேன். மவுஸை அண்ணியிடமே விட்டுவிட்டேன். அவள்தான் மீதி இரண்டு பேரையும் கவனித்தாள். பல்செட்டையும் சரியான ஆளுக்கே கொடுத்தாள்.

சாவியை இன்று தலைமை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கண்காட்சிக்கு முந்தைய நாள் காலை ரயிலில் வந்து இறங்குகிறேன். அண்ணி கடைசி நாள் வருவாள். வெள்ளைச் சட்டை இரண்டு எடுத்து வைத்திருக்கிறேன், இஸ்திரி போட்டு. மேசையின் உயரம் என்ன என்று எழுது. நின்றுகொண்டு பேசுகிற மாதிரியா, உட்கார்ந்தா? வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்?

இதையெல்லாம் நீ எழுதாவிட்டாலும் நான் சமாளித்துக்கொள்வேன். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல். இருபத்தெட்டு வருடம் கவுண்டரில் நின்றவன் கேட்கிற கேள்வி இல்லை இது, யாரிடமும் சொல்லிவிடாதே. அங்கே நம் மேசைக்கு யாராவது வருவார்களா, பொடிசு?

அண்ணன்